‘ரஷ்’: ஜெயித்தவர் கதையா, காரை நிறுத்தியவர் கதையா?

ரேஸ் படம் என்றால் க்ளைமாக்ஸ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஹீரோ பின்தங்குவார். கடைசிச் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். பிஜிஎம் எகிறும். வில்லன் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஹீரோ கோட்டைத் தாண்டுவார்.

2013-ல் வந்த ‘ரஷ்’ படத்தில் நடப்பதே வேற. இரண்டு நாயகர்களில் ஒருவர், சீசனின் கடைசிப் பந்தயத்தில் இரண்டே சுற்று ஓட்டிவிட்டு காரை பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். கார் பழுதாகவில்லை. விபத்தும் இல்லை. புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம். ஆனாலும் ‘போதும்’ என்று இறங்கிப் போய்விடுகிறார்.

ரான் ஹோவர்ட் இயக்கி, பீட்டர் மோர்கன் எழுதிய இந்தப் படத்தை, ‘எதிரி இருந்தால்தான் நீ வளர்வாய்’ என்ற மோட்டிவேஷன் கதையாகவே பலரும் பகிர்கிறார்கள். அதுவும் படத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை, படத்தின் உண்மையான கனம் அந்த இரண்டு சுற்றில்தான் இருக்கிறது.

1976-ல் என்ன நடந்தது?

ஒருபக்கம் ஃபெராரி ஓட்டிய ஆஸ்திரியர் நிக்கி லாடா. 1975-ன் சாம்பியன். பணக்காரக் குடும்பம் கைவிரித்த பிறகு, வங்கிக் கடன் வாங்கி ரேஸுக்குள் நுழைந்தவர். கணக்குப் போட்டு ஓட்டுபவர். மறுபக்கம் மெக்லாரன் ஓட்டிய பிரிட்டிஷ்காரர் ஜேம்ஸ் ஹன்ட். பார்ட்டி, சிகரெட், காதல் விவகாரங்கள் என்று பத்திரிகைகளுக்குத் தீனி போட்டவர். படத்தில் லாடாவாக டேனியல் ப்ரூல், ஹன்ட்டாக கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்.

சீசனே ஒரு திரைக்கதை மாதிரிதான் போனது. ஸ்பெயினில் ஹன்ட் ஜெயித்தார், கார் 1.8 சென்டிமீட்டர் அகலம் கூடுதல் என்று வெற்றியைப் பறித்தார்கள். அப்பீலில் அது திரும்பக் கிடைத்தது. பிரிட்டனில் மறுபடி ஜெயித்தார். செப்டம்பரில் அந்த வெற்றியைப் பறித்து லாடாவிடம் கொடுத்தார்கள். இதற்கு நடுவே வந்தது ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்.

பயந்தாங்கொள்ளியா, கணக்குத் தெரிந்தவரா?

இன்றைய ஃபார்முலா 1 பாதைகள் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். நூர்பர்க்ரிங்கின் பழைய பாதை சுமார் 22.8 கிலோமீட்டர். காட்டுக்கும் மலைக்கும் நடுவே வளைந்து போகும். அவ்வளவு நீளத்துக்கு தீயணைப்பு ஆட்களையும் ஆம்புலன்ஸையும் நிறுத்தவே முடியாது. ‘இங்கே ஓட்ட வேண்டாம், புறக்கணிப்போம்’ என்று சக ஓட்டுநர்களிடம் லாடா சொன்னார். ஓட்டெடுப்பில் தோற்றார்.

அவருக்குப் பயம் என்று சிலர் பேசினார்கள். ஆனால் அதே பாதையை 7 நிமிடத்துக்குள் சுற்றி முடித்த முதல் ஆள் யார்? இதே லாடாதான், 1975 தகுதிச் சுற்றில். அந்தப் பாதையில் அவ்வளவு வேகமாகப் போனவருக்குத்தான் அதன் ஆபத்து துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இரண்டாவது சுற்றில் அவருடைய ஃபெராரி தடம் மாறி, மண்மேட்டில் மோதி, தீப்பிடித்தது. அவரை வெளியே இழுத்தவர்கள் பாதுகாப்பு ஊழியர்கள் இல்லை. பின்னால் வந்த சக ஓட்டுநர்கள்: ஆர்த்துரோ மெர்ஸாரியோ, கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல். உதவி சரியான நேரத்துக்கு வராது என்று லாடா எதைச் சொன்னாரோ, அதுவே அவருக்கு நடந்தது. தலையிலும் முகத்திலும் தீக்காயம், நுரையீரலில் விஷப்புகை. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கே செய்துவிட்டார்.

42 நாள் கழித்து, காயம் ஆறாத தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இத்தாலியின் மான்ஸாவில் ஓட்டினார். நான்காவது இடம். ஃபார்முலா 1 அதன் பிறகு நூர்பர்க்ரிங்கின் அந்தப் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை. ஓட்டெடுப்பில் தோற்றவர் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரிதானே இது?

படம் எங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது?

நிஜத்தில் இவர்கள் எதிரிகளே இல்லை. ஃபார்முலா 3 காலத்திலிருந்து நண்பர்கள். லண்டனில் கொஞ்ச நாள் ஒரே வீட்டில் தங்கியதும் உண்டு. 1970-ல் கிறிஸ்டல் பேலஸில் ஹன்ட் இன்னொருவருடன் மோதிக்கொண்டார். அந்த இடத்தில் லாடாவை வைத்து, பகையின் தொடக்கமாக மாற்றிவிட்டார்கள். லாடாவை அவமானப்படுத்திய நிருபரை ஹன்ட் அடிக்கும் காட்சியும் கற்பனைதான்.

சினிமாவுக்கு இதெல்லாம் தேவை, சரி. என் வருத்தம் வேறு ஒன்று. நூர்பர்க்ரிங் ஓட்டெடுப்பைக்கூட படம் இருவர் சண்டையாக்கிவிடுகிறது. புள்ளிக் கணக்குக்காகத்தான் லாடா பந்தயத்தை நிறுத்தப் பார்க்கிறார் என்று ஹன்ட் கூட்டத்தைத் திருப்புகிறார். அந்தக் கூட்டத்தில் உண்மையான கேள்வி ‘யாருக்கு லாபம்’ என்பது இல்லை. ‘இங்கே யாராவது எரிந்தால் யார் வந்து அணைப்பார்கள்’ என்பதுதான். பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவனைச் சுயநலக்காரன் என்று முத்திரை குத்துவது, ஓட்டப் பாதையில் மட்டும் நடக்கிற விஷயமா என்ன?

ஃபூஜியில் இரண்டு சுற்று

அக்டோபர் 24, ஜப்பானின் ஃபூஜி. லாடா 68, ஹன்ட் 65. விடாத மழை, பனிமூட்டம். ஓட்டுநர்கள் பலருக்கும் ஓட்ட விருப்பமில்லை. ஆனால் டிவி ஒளிபரப்பு ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. தாமதமாகப் பந்தயம் தொடங்கியது.

தீக்காயத்தால் லாடாவின் இமைகள் சேதமாகி இருந்தன. கண்ணைச் சரியாகச் சிமிட்டக்கூட முடியாது. முன்னே போகும் கார் கிளப்பும் தண்ணீர்த் திரையில் எதுவும் தெரியவில்லை. இரண்டு சுற்றில் நிறுத்தினார். ஃபிட்டிபால்டி, பேஸ், பெர்கின்ஸ் என்று இன்னும் மூன்று பேரும் அதேபோல விலகினார்கள்.

அப்புறம்தான் விதி விளையாடியது. மழை குறைந்தது. பாதை காயத் தொடங்கியது. டயர் போய்ப் பின்தங்கிய ஹன்ட், கடைசிச் சுற்றுகளில் முந்தி மூன்றாவதாக முடித்தார். தான் தோற்றுவிட்டதாக நினைத்து கோபமாகக் காரைவிட்டு இறங்கியவரிடம், ‘நீதான் சாம்பியன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. 69–68. ஒரே ஒரு புள்ளி.

அன்றைக்கு ஃபூஜியில் யாரும் சாகவில்லை. அப்படியென்றால் லாடா எடுத்த முடிவு தப்பா?

இங்கேதான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். முடிவு சரியா தவறா என்பதை, அதன் விளைவை வைத்தே அளக்கிறோம். ஹெல்மெட் போடாமல் வீடு வந்து சேர்ந்தவர், ‘பார்த்தியா, ஒண்ணும் ஆகல’ என்பார். ஒண்ணும் ஆகவில்லை என்பதால் அது சரியான முடிவு ஆகிவிடாது. மழை விடும் என்று காரில் உட்கார்ந்திருந்த லாடாவுக்குத் தெரியாது. கண் தெரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த நொடியில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு.

‘மான்ஸாவில் மட்டும் ரிஸ்க் எடுக்கலையா?’

நியாயமான கேள்வி. 42 நாளில் திரும்பி வந்தவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாமா? பேசலாம் என்றுதான் நினைக்கிறேன். படத்தில் லாடா, ‘சாகும் வாய்ப்பு 20 சதவீதம் என்றால் ஏற்பேன், அதற்கு மேல் ஒரு சதவீதம்கூட முடியாது’ என்ற பொருளில் பேசுவார். ரிஸ்க்கே வேண்டாம் என்பவர் இல்லை அவர். எல்லையைத் தானே போட்டுக்கொண்டவர். மான்ஸா அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது, ஃபூஜி வெளியே.

ஹன்ட் ஜெயித்ததையும் குறைத்துப் பேச முடியாது. அதே மழையில் ஓட்டி, அதற்கான விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர் அவர். கோடு ஆளுக்கு ஆள் வேறு. அவரவர் கோட்டை அவரவர்தான் போட வேண்டும். டிவி ஒளிபரப்பு போடக் கூடாது.

ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சாம்பியன் ஆனவர் இறங்கிப் போகலாம். கொட்டும் மழையில் பைக்கில் பார்சல் கொண்டுபோகும் பையனால் அப்படி இறங்க முடியாது. அன்றைய சம்பளம் போய்விடும். அதனால்தான் ஃபூஜியைவிட நூர்பர்க்ரிங் கூட்டம் முக்கியம். தனியாள் நிறுத்தினால் அவர் மட்டும் பிழைப்பார். எல்லோரும் சேர்ந்து நிறுத்தியிருந்தால், அந்த விபத்தே நடந்திருக்காது.

கடைசியாக ஒரு விஷயம்

லாடா 1977-லும் 1984-லும் மறுபடி சாம்பியன் ஆனார். இரண்டாவது முறை வெறும் அரைப் புள்ளி வித்தியாசத்தில். ஹன்ட் 1993-ல், 45 வயதில், மாரடைப்பில் இறந்தார். லாடா 2019-ல், 70 வயதில் மறைந்தார்.

ஃபூஜியில் அவர் இறங்கியதும், ‘இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம்’ என்று ஃபெராரி தரப்பில் ஒரு வழி காட்டினார்கள். மானம் காப்பாற்றும் வழி. லாடா வேண்டாம் என்றார். நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னார். இத்தாலியப் பத்திரிகைகள் கோழை என்று எழுதின. எழுதட்டும் என்று விட்டார்.

‘ரஷ்’ பார்த்தவர்கள் இன்னொரு முறை பாருங்கள். ஹன்ட் முந்துவதை எப்படியும் ரசிப்பீர்கள். அதற்கு முன்னால், மழையில் ஒரு சிவப்புக் கார் மெதுவாக பிட்டுக்குள் திரும்பும் அந்தச் சில நொடிகளை மட்டும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.