சும்மா கிடக்கும் உப்பு சும்மா இருக்குமா?



எம்டன் கப்பல் 1914-ல் நம்ம துறைமுகத்தில் குண்டு போட்ட கதை ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2015 முதல் 2020 வரை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

அது பார்ப்பதற்கு உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். வயலுக்கு உரம், பாறை உடைக்கும் வெடிக்கு மூலப்பொருள். இரண்டு உலகப் போர்களிலும் இதை டி.என்.டி.யோடு கலந்து, ‘அமட்டால்’ என்ற பெயரில் குண்டுகளில் அடைத்தார்கள். "அது நிலையான பொருள்தான், தானா வெடிக்காது" என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. சுத்தமாக, குளிர்ச்சியாக, கொஞ்சமாக இருந்தால் அது சாதுதான். ஆனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் படிக அமைப்பே மாறும். அப்படி மாறி மாறி, குருணைகள் உடைந்து தூளாகும், கட்டி தட்டும். நம்ம ஊரில் 32 டிகிரி என்பது சாதாரண நாள்! 170 டிகிரி வாக்கில் உருகும். அதற்கு மேலும் சூடேறினால் சிதையத் தொடங்கும். எண்ணெய், குப்பை கலந்தால் ஆபத்து கூடும்.

இன்னொரு விஷயம், அதுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில், ஏறத்தாழ 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்த கப்பலில் தீப்பிடித்தது. சரக்கு நனைந்து வீணாகக் கூடாதென்று தண்ணீரைத் தவிர்த்து, மூடியை அடைத்து நீராவி விட்டார்கள். காற்றை அடைத்தும் தீ அணையவில்லை, சூடுதான் ஏறியது. கப்பல் வெடித்து 580 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே ‘நிலையானது’ என்பது பொருளின் குணம் மட்டுமல்ல. எங்கே, எதோடு, எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

மணலியில் இருந்தது சுங்கத்துறை 2015-ல் பறிமுதல் செய்த சரக்கு. 37 கன்டெய்னர்கள். அந்த வருட வெள்ளத்தில் கொஞ்சம் வீணானது. மீதி அங்கேயே இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே பரபரப்பு. ஒரே வாரத்துக்குள் ஹைதராபாத்துக்கு லாரிகள் கிளம்பின. ஐந்து வருஷம் முடியாதது ஐந்து நாளில் எப்படி முடிந்தது? இதுதான் என் முதல் கேள்வி.

"சரக்கு நகரத்திலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கிறது, 2 கி.மீ. சுற்றளவில் குடியிருப்பு இல்லை" என்று அப்போது சுங்கத்துறை சொன்னது. ஆனால் 700 மீட்டரிலேயே மணலி புதுநகர் இருப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மணலி 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. அப்படியானால் நகரம் என்பது யார்? நாம் இல்லையா?

2021-ல் விதியைத் திருத்தி, பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட்டைச் சீக்கிரம் ஏலம் விட வழி செய்தார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் நம்மைச் சுற்றி இருப்பது அது ஒன்றுதானா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்களே!

"விவரம் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், கெட்டவர்கள் பயன்படுத்துவார்கள்" என்பார்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. என்ன ஆபத்து வரலாம், சைரன் அடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம். விபத்தால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று 1989-ன் அபாயகர ரசாயன விதிகளிலேயே இருக்கிறது. தெரியாதவனுக்குத்தான் பீதி அதிகம்.

எனவே என் கருத்து இதுதான். ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஒவ்வொரு யார்டு வாசலிலும் கம்பெனி வாசலிலும் தமிழில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம்ம பகுதிப் பள்ளிகளில் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒத்திகை வேண்டும். வேதியியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் பொருள்கள் நம்ம தெருவழியாகத்தான் டிரெய்லரில் போகின்றன. அவற்றின் குணத்தை மார்க்குக்காக மட்டும் படிக்க வேண்டாம், உயிருக்காகவும் படிப்போம்.

வருமுன் காப்போம்!

— 11-ஆம் வகுப்பு மாணவன்