பென்சில் கிறுக்கலுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி

நான் பெரிய படிப்பாளி இல்லை ஸார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம்.; அதிலும் காஸ்ட் அக்கவுண்டன்ஸியை இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்தவன். இருந்தும், பிளாட்பாரத்தில் பழைய புத்தகத்தைப் பரப்பி வைத்திருந்தால் கால் தானாக பிரேக் போடும்.

எங்கள் ஆரம்பாக்கத்தில் அந்த ஆபத்து கிடையாது. எங்கள் பக்கம் புத்தகத்துக்கு எமன் கரையான் அல்ல, கருவாடு. போன மாதம் நூறு கிராம் நெத்திலிக் கருவாடு வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால், ஏதோ ஒரு மாத நாவலின் 61-ஆம் பக்கம். கதவு தட்டப்படுகிறது. கதாநாயகி நடுங்கிக்கொண்டே தாழ்ப்பாளைத் திறக்கிறாள்... அவ்வளவுதான். வெளியே நின்றது யார் என்கிற விஷயம் யார் வீட்டுக் குழம்புக்குப் போனதோ!

ஆகவே பழைய புத்தகம் என்றால் சென்னைதான். வேடிக்கை என்னவென்றால், ஊருக்குத் திரும்ப நான் ரயில் ஏறுகிற இடமே ஒரு காலத்தில் புத்தகக் கடை. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட், 1985 மே 30-ஆம் தேதி எரிந்து போயிற்று. அப்போது நான் பிறக்கவே இல்லை. அங்கேதான் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பெயர், 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. மார்க்கெட் போய்விட்டது, போர்டில் பேர் மட்டும் தங்கிவிட்டது. கடைக்காரர்கள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்கு மாறினார்கள். சூலூர்ப்பேட்டை வண்டிக்கு நேரமிருந்தால் நான் அங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவேன். (கும்மிடிப்பூண்டி வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும். எனக்கு உதவாது.)

இப்படிச் சுற்றிச் சுற்றிச் சில அபிப்பிராயங்கள் வைத்திருக்கிறேன். உலகத்திலேயே பரிதாபமான புத்தகம் போன வருஷத்து இன்கம்டாக்ஸ் புத்தகம்தான். பட்ஜெட் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சேல்ஸ் டாக்ஸ், எக்ஸைஸ் புத்தகங்கள் இன்னும் மோசம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் ஒரே ராத்திரியில் மொத்தமாகப் பழைய பேப்பராகிவிட்டன. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்கே பதிலாக 2025-ல் ஒரு சட்டம் போட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவித்துவிட்டார்கள். பிளாட்பாரக்காரர் எவ்வளவுதான் தாங்குவார்?

'முப்பது நாளில் ஹிந்தி' வகையறாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முதல் நாலு நாள் பாடம்தான் அழுக்காக இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து அச்சாபீஸிலிருந்து வந்த மாதிரியே புத்தம் புதுசு!

சமையல் புத்தகத்துக்கு நேர் எதிர் விதி. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. அதன் பழைய காப்பி கிடைத்தால் மஞ்சள் கறை எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். கறை இருந்தால் அந்தப் பதார்த்தம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். கறையே இல்லாத சமையல் புத்தகம் கல்யாணப் பரிசாக வந்து, பீரோவிலேயே குடித்தனம் நடத்தியது.

மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். 1991-ல் சோவியத் யூனியனே கலைந்துபோயிற்று. அந்த பைண்டிங் மட்டும் இன்னும் பிரியவில்லை.

முத்து காமிக்ஸ் விவகாரத்தில்தான் என் காமர்ஸ் படிப்பு தோற்றது. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. தேய்மானம் என்றால் வருஷா வருஷம் மதிப்பு இறங்க வேண்டும் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? இது ஏறிக்கொண்டே போகிறது. ஆரம்பத்து இதழ் ஒன்றை விலை கேட்டேன். கடைக்காரர் முதலில் என் சட்டையைப் பார்த்தார், அப்புறம் செருப்பைப் பார்த்தார். "அது விக்கிறதுக்கு இல்ல சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா ஆரம்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்ததல்லவா, அதை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகமும் ஐந்து வால்யூமாக பைண்டு செய்து வைத்திருந்தார். 2011-ல் தாத்தா போனார். 2012-ல் வீட்டுக் கூரையை மாற்றினோம். பரணைக் காலி செய்யும் பொறுப்பு எனக்கு. வேலையில்லாத பட்டதாரிக்கு வேறு என்ன பொறுப்பு தருவார்கள்? பழைய பேப்பர்காரர் கிலோ எட்டு ரூபாய் என்றார். மொத்தம் 41 கிலோ, 328 ரூபாய். அந்த ஐந்து வால்யூமும் அதில் போயிற்று. ஒரு பக்கம்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆயா மட்டும் அவ்வப்போது கேட்பாள். "தாத்தா புக்கெல்லாம் எங்கடா?"

"பரண் மேல இருக்கு ஆயா."

தொண்ணூறு வயசில் பரண் ஏறிப் பார்க்கவா போகிறாள்?

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, அல்லிக்குளத்தில் ஒரு கடையில் கட்டுக்கு அடியில் பச்சைக் காலிகோ முதுகு தெரிந்தது. உருவினேன். மூன்றாம் பாகம், 'கொலை வாள்'. மணியம் வரைந்த படத்துக்குப் பக்கத்தில், மார்ஜினில், பென்சிலில் பொடி எழுத்து. 'கு. அரிசி 2 படி. 14 அணா. மீன்பாடு இல்லை.'

தாத்தா கையெழுத்து ஸார்! கடைக்கணக்கைக் கதைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்.

பழவேற்காடு ஏரியில் முகத்துவாரம் மண் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. தண்ணீர் வராவிட்டால் இறால் வராது. இறால் வராத மாதத்தில் குப்பத்து ஜனங்கள் கடனுக்குத்தான் வருவார்கள். பக்கம் பக்கமாக அதே கதை. 'மீன்பாடு இல்லை', 'மீன்பாடு இல்லை'. சில வரிகளை அடித்திருந்தார். பணம் வந்துவிட்டது போலிருக்கிறது. சில வரிகளை அடிக்கவில்லை. ஓரத்தில் 'விட்டாச்சு' என்று எழுதியிருந்தார். நான் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு என்று மூன்று வருஷம் படித்தேன். தாத்தா ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். நான் எண்ணினவரை பதினேழு இடத்தில் 'விட்டாச்சு'. அவர் பிழைக்கத் தெரியாதவர் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குக் கணக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"எவ்வளவு?"

"அறுநூறு சார். ஒரிஜினல் பைண்டு."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. பேரம் பேசுவதற்கு வாயே வரவில்லை. கடைக்காரர் என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"இன்னா சார் இது, யாரோ பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்கான். பக்கமெல்லாம் பாழாக்கிட்டான். சரி, நூறு கொறைச்சுக் குடு."

ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வந்தேன். கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் அந்த வால்யூம். எட்டு ரூபாய்க்கு விற்றதை ஐந்நூறுக்கு வாங்கியதில் நிகர நஷ்டம் 492 என்று பொன்னேரி தாண்டுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். படிப்பு சும்மா விடுமா?

ராத்திரி ஆயா தூங்கின பிறகு ஸ்டூல் போட்டுப் பரண் மேல் வைத்தேன். நான் சொன்ன பொய்யில் ஐந்தில் ஒரு பங்கு இப்போது உண்மை.

மீதி நாலு வால்யூம் எங்கேயோ இருக்கின்றன. பச்சைக் காலிகோ, மார்ஜினில் பென்சில் கிறுக்கல். உங்கள் கண்ணில் பட்டால், கிறுக்கலைக் காட்டி நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள், கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன்; முழு விலைக்கு.