பேக்கேஜுக்கு வெளியே

சிவில் நண்பர்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒரு காம்பவுண்டு சுவர் கட்டணும்னாகூட செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று எஸ்டிமேட் போட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். ஆனா நம்ம வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்றணும்னா, "பேக்கேஜ் இவ்வளவு" என்ற ஒரே வார்த்தையை நம்பி நகையை அடகு வைக்கிறோம். இது நியாயமா?

புவனகிரி பக்கம் நாற்று நட்டு, களை பறித்து, குனிந்தே காலம் கழித்த பாட்டிகள் ஏராளம். மூட்டு தேய்ந்தபின் அவர்களுக்கு ஆபரேஷன் என்பது ஆடம்பரம் இல்லை. பிறர் கையைப் பிடிக்காமல் கழிவறைக்குப் போய் வருவதற்கான வழி.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாயாக இறங்கியது (ஜிஎஸ்டி தனி). நல்ல விஷயம்தான். ஆனா மூட்டு என்பது பில்லில் ஒரு வரி மட்டுமே. தியேட்டர், சர்ஜன், மயக்க மருந்து, அறை, பரிசோதனை போன்ற மற்ற வரிகளுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாக்கரும் பிசியோதெரபியும் வேற.

இன்சூரன்ஸ் இருக்கே என்கிறீர்களா? ஒரு கணக்கு போடுங்க. பாலிசியில் அறை வாடகை வரம்பு 4,000; நீங்க எடுத்தது 8,000 ரூபாய் அறை. வாடகையில் மட்டும்தான் பாதி போகும்னு நினைப்போம். பல பாலிசிகளில் சர்ஜன், தியேட்டர் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டுவார்கள். பெரிய அறை கேட்ட ஒரே காரணத்துக்காக!

"ஒவ்வொரு உடம்பும் வேற, முன்கூட்டியே எப்படிச் சொல்வது?" என்று மருத்துவமனைகள் கேட்கலாம். உண்மைதான், சர்க்கரை ஏறினால் ரெண்டு நாள் கூடத் தங்க வேண்டி வரும். ஆனா மண்ணுக்கு அடியில் பாறை வருமா என்று கான்ட்ராக்டருக்கும்தான் தெரியாது. இருந்தும் பாறை வந்தால் கன மீட்டருக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கிறாரே! கூடுதல் நாளுக்கு எவ்வளவு, பேக்கேஜில் எதெல்லாம் சேராது என்று ஒரு தாளில், தமிழில் எழுதிக் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை நாம செய்யக்கூடியது இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கி வையுங்க. புவனகிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. முதலில் அங்கே விசாரியுங்க. தனியாருக்குத்தான் போகணும்னா, மூட்டின் பிராண்ட், பேட்ச் எண், விலை மூன்றும் பில்லில் தனியாக இருக்கணும்னு கேளுங்க. 2017 உத்தரவே அதைச் சொல்கிறது.

நம்ம ஊர்ப் பெரியவங்க டாக்டர் முன்னாடி கேள்வி கேட்கக் கூச்சப்படுவாங்க. பில்லும் இங்கிலீஷில்தான் வரும். கூடப் போற நாமதான் அதை வரி வரியாகப் படிச்சுக் கேட்கணும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடியே.