நாடு செழித்தால் தொழிலாளி செழிப்பாரா?



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் சொந்தக்காரர் பலர் வடக்கே போய்க் குடியேறினார்கள். அவர்களைப் பார்க்கப் போய், யாழ்ப்பாணம், மானிப்பாய்ப் பக்கம் சுற்றிவிட்டு வருகிறவர்கள் சொல்வது ஒரே கதைதான்: இலண்டன் காசிலும் கனடா காசிலும் கட்டிய மாடி வீடுகள். "அந்த நாடுகளில் எல்லாருக்கும் வசதி, நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை" என்று லயத்து இஸ்தோப்பில் பேச்சு முடிகிறது.

அந்த வீடுகள் பலவற்றின் பின்னால் இரவும் பகலும் இரண்டு வேலை பார்த்த உழைப்பு இருக்கிறது. நாடு பணக்கார நாடு என்பதால் அங்குள்ள தொழிலாளி பணக்காரர் ஆகிவிடுவதில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாக அங்கேயும் மேலிருப்பவர்களுக்கும் கீழிருப்பவர்களுக்கும் இடைவெளி கூடித்தான் இருக்கிறது.

பிரித்தானியாவைப் பாருங்கள். 1979இல் அங்கே சுமார் 1 கோடி 30 இலட்சம் பேர் தொழிற்சங்கங்களில் இருந்தார்கள். மிகப் பெரிய சம்பளத்தின் மேல்பகுதிக்கு 100க்கு 83 ரூபாய் கணக்கில் வரி இருந்தது. அந்த வருடம் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். 1985இல், ஒரு வருடம் போராடிய சுரங்கத் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். 1988இல் அந்த வரி 40 ஆனது. இன்று சங்க உறுப்பினர் தொகை பாதிதான். இடைவெளி வேகமாக அகன்றது அந்த 1980களில்தான்.

அமெரிக்காவில் 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் ஜனாதிபதி ரீகனால் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளமோ 2009 முதல் மணிக்கு 7.25 டொலரிலேயே நிற்கிறது.

இயந்திரமும் கணினியும் வந்ததுதான் காரணம் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே கணினி டென்மார்க்குக்கும் வந்தது. அங்கே தொழிலாளர் மூவரில் இருவர் சங்கத்தில் இருக்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இடைவெளியும் அமெரிக்காவைவிட மிகக் குறைவு.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அன்று டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஆகவே ஒரு பேருக்கு 5 டொலர். 2024இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போய் அதை நிறுத்தின. கடைசியில் 1,350 ரூபாய்தான் கிடைத்தது. டொலர் 300 ரூபாயாகிவிட்டதால் அது நாலரை டொலர். தாளில் 350 ரூபாய் கூடியது, பெறுமதியில் குறைந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். அதில் 200 ரூபாய் கம்பனியின் பணமல்ல, அரசின் பணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேயிலை மலையைப் பிரித்துக் கையில் தந்து, "இனி நீங்கள் கூலியாள் இல்லை, கொழுந்துக்குக் காசு" என்கிறார்கள். காது குளிரத்தான் செய்கிறது. இலண்டனில் ஊபர் கார் ஓட்டுநர்களுக்கும் "நீங்கள் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வழக்காடி, 2021 பெப்ரவரியில் தாங்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார்கள். குறைந்தபட்சச் சம்பளமும் விடுமுறைக் காசும் அதனால்தான் வந்தன.

ஆகவே மலையைப் பிரித்துத் தருகிறோம் என்று யாராவது காகிதம் நீட்டினால், கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடருமா? கொழுந்து விலையை யார் தீர்மானிப்பது? உரமும் மருந்தும் யார் கணக்கில்? மழையால் கொழுந்து இல்லாத மாதத்தில் அடுப்பு எப்படி எரியும்? பதிலைத் தோட்டக் கமிட்டியில் எல்லோருமாக வாசித்துப் பேசுங்கள்.

பங்கைக் கேட்கிற கை இல்லாத இடத்தில் பங்கு சுருங்கும் என்பதை இலண்டனும் நியூயோர்க்கும் காட்டிவிட்டன. நமக்குக் கூட்டு ஒப்பந்தம் மீண்டும் வேண்டும். அதைப் பேசும் மேசையில், கொழுந்து பறிக்கும் பெண்களும் உட்கார வேண்டும்.