ஞானஸ்நானச் சீட்டும் பள்ளிக்கூடக் கதவும்

இங்கிலாந்து தேசத்தில் கத்தோலிக்க உயர்தரப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் விதிகள் மாறும்போதெல்லாம் பெற்றோர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதினொரு வயதுப் பிள்ளை கணக்கு நன்றாய்ப் போடுமா என்பதல்ல அவர்கள் கவலை. அதன் தலையில் எத்தனையாவது மாதத்தில் தண்ணீர் ஊற்றினார்கள், தாய் தகப்பன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனதாகப் பாதிரி கையெழுத்துப் போடுவாரா என்பதே கவலை! கேலிக்காகச் சொல்லவில்லை, தோழர்களே. இருக்கிற இடத்திற்கு மேல் பிள்ளைகள் வந்துவிட்டால் மதம் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று, 2010-ம் வருஷத்திய சமத்துவச் சட்டமே (பெயரைக் கவனியுங்கள், சமத்துவச் சட்டம்!) இப்பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.

சரி, பணம் யாருடையது? உபாத்தியாயர் சம்பளம் முதல் அன்றாடச் செலவு வரை பொது ஜனங்களின் வரிப்பணம். கட்டடச் செலவில் மாத்திரம் சபைக்குப் பங்குண்டு. 1944-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்தப் பங்கு பாதி. பிறகு கால், பிறகு ஐந்தில் ஒன்று என்று தேய்ந்து இன்று பத்தில் ஒன்றாய் நிற்கிறது. பங்கு தேய்ந்ததே தவிர சாவி கைமாறவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலைக்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்?

"ஏழை அயர்லாந்துக் கூலிகள் காசு காசாய்ச் சேர்த்துக் கட்டிய பள்ளிகளாயிற்றே" என்பார்கள். வாஸ்தவம். அந்தக் கூலிகளை நாம் மதிக்கிறோம். ஆனால் இன்று அதே தெருவில் வரி கட்டும் வேறொரு கூலியின் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அந்தக் காசு எப்படி அனுமதிச் சீட்டாகும்?

லண்டன் ஆரட்டரி பள்ளியின் கதையைக் கேளுங்கள். கோவிலுக்குப் பூ ஜோடிப்பது முதலான ஊழியங்களையும் கணக்கில் வைத்து இடம் கொடுப்பதாக அங்கே விதி இருந்தது. பெற்றோர் செய்யும் உதவிக்காகப் பிள்ளைக்கு முன்னிடம் கொடுக்கலாகாது என்பது சர்க்கார் விதி. மனிதாபிமானச் சங்கத்தார் புகார் செய்தார்கள். 2014-ல் தீர்ப்பாளர் பள்ளிக்கு விரோதமாகச் சொன்னார். 2015-ல் உயர்நீதி மன்றத்தில் பள்ளி சில விஷயத்தில் ஜெயித்தது, சிலவற்றில் தோற்றது. அதோடு போயிற்றா? 2016 ஜனவரியில் கல்வி மந்திரி நிக்கி மார்கன், இனி இப்படிப்பட்ட சங்கங்கள் புகார் செய்யவே கூடாதபடி விதி செய்யப் போவதாக அறிவித்தார்! திருட்டைத் தடுக்காமல் கூச்சல் போட்டவன் வாயைக் கட்டுவது என்பது இதுதான்.

பூ ஜோடிக்க எவளுக்கு ஓய்வு இருக்கும்? ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வருகிற தாய்க்கா? அவளும் கத்தோலிக்கையாய் இருக்கலாம். நம்பிக்கையே இல்லாமல் இடத்திற்காகப் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. அது பாதிரிமார்களுக்கும் தெரியும்.

புதிதாக ஏற்படும் சுயேச்சைப் பள்ளிகளில் பாதி இடத்தையாவது மதம் பாராமல் கொடுக்க வேண்டுமென்று 2010-ல் ஏற்பாடாயிற்று. மேற்றிராணியார்கள் அப்படியானால் பள்ளியே திறக்கமாட்டோம் என்றார்கள். காரணம், கத்தோலிக்கன் என்பதற்காக ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவர்கள் சபைச் சட்டம் இடங்கொடாதாம். கத்தோலிக்கன் அல்ல என்பதற்காகத் திருப்பி அனுப்ப மாத்திரம் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை! 2024 மே மாதத்தில் அப்போதைய சர்க்கார் அந்தப் பாதிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட யோசனை வெளியிட்டது. ஜூலைத் தேர்தலில் அந்தச் சர்க்காரே விழுந்தது வேறு சங்கதி.

பக்கத்து அயர்லாந்தைப் பாருங்கள். பாதிரி செல்வாக்கு மிகுந்திருந்த அந்த நாடே 2018-ல் சட்டம் செய்து, கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகள் ஞானஸ்நானம் பார்த்து முன்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் உயர்தரப் பள்ளிகளை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை. ஐந்து வயதில் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்பது அநியாயமென்றால், பன்னிரண்டு வயதில் அது எப்படி நியாயமாகிறது என்று அந்நாட்டு மந்திரிகளைக் கேட்கிறோம்.