யூஸ்டு ஃபிலிம் கேமரா: விலையை விடுங்க, க்ளிக் கணக்கைப் பாருங்க

கம்பம் திராட்சைத் தோட்டத்தையும் மேகமலையையும் எடுக்க மீடியம் ஃபார்மட் ரேஞ்ச்ஃபைண்டர் தேடுறீங்களா? 120 ரோல் ஒண்ணுக்கு ஃபுஜி ஜிடபிள்யூ690-ல 8 படம், மாமியா 7-ல 10. ரோல், டெவலப், ஸ்கேன், கூரியர் சேர்த்து 1,600 ரூபாய்னு வெச்சா, ஃபுஜியில ஒரு க்ளிக் 200 ரூபாய், மாமியாவுல 160.

ஆனாலும் என் ஓட்டு ஃபுஜிக்குத்தான். முழு மெக்கானிக்கல், பேட்டரியே வேண்டாம். மாமியாவுக்கு விலையும் அதிகம், எலக்ட்ரானிக் ஷட்டர் போனா ரிப்பேரும் கஷ்டம். ஃபுஜியில லைட் மீட்டர் கிடையாது. அதுக்கு மொபைல் ஆப் போதும். வாங்குறப்போ அடியில இருக்கிற கவுண்டரைப் பாருங்க. ஒரு எண் ஏறினா 10 க்ளிக்.

இஎம்ஐ மட்டும் வேண்டாம். மாசம் ரெண்டு ரோல்னா 3,200 ரூபாய். மூணு மாசம் அதைத் தனியா எடுத்து வெச்சுப் பாருங்க. முடியலைன்னா, இப்போதைக்கு உங்க போன் கேமராவே போதும்.