உண்ணாத சோறு யாருக்குப் போகிறது?

சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை, ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். கத்தோலிக்கர்கள் இதைத் தவக்காலம் என்கிறார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் லெந்து நாட்கள் என்கிறார்கள். இந்த நாட்களில் பல வீடுகளில் கறி, மீன் சமைப்பதில்லை; கல்யாணம் வைப்பதில்லை. வெள்ளிதோறும் ஒருசந்தி இருப்பவர்கள் உண்டு. நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிடுபவர்களும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளிலோ உபவாச ஜெபம் ஆண்டு முழுவதும் நடக்கிறது. இவ்வளவு பேர் இவ்வளவு உண்மையோடு பசி தாங்குகிறார்கள் என்பது மதிக்கத்தக்க செய்தி. ஆனால் உபவாசக் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளைப் படித்தால் அந்தப் பசி எதற்காக என்பது தெரியும்: வேலை கிடைக்க, விசா வர, கல்யாணத் தடை நீங்க, கடன் தீர, நோய் குணமாக. கேட்பவரின் தவிப்பு உண்மையானதுதான். ஆனாலும் உபவாசம் என்றால் நமக்கு வேண்டியதைக் கடவுளிடம் கேட்டுப் பெறும் வழி என்ற எண்ணம் மட்டுமே மக்கள் மனதில் நிலைத்துவிட்டது. கிறிஸ்தவ வேதமும் வரலாறும் உபவாசத்தைப் பசித்தவனோடு சேர்த்தே கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்ட உபவாசம் பாதி உபவாசம்.

இதற்கு முதல் சாட்சி ஏசாயா தீர்க்கதரிசியின் 58ஆம் அதிகாரம். நாங்கள் உபவாசம் இருக்கிறோமே, கடவுள் ஏன் கவனிக்கவில்லை என்று மக்கள் கேட்கிறார்கள். இன்று நம் சபைகளில் பலர் மனதுக்குள் கேட்கும் கேள்வியும் அதுதான். அவர்களுக்குக் கிடைத்த பதிலில் ஜெப நேரத்தைப் பற்றியோ எத்தனை நாள் பட்டினி என்பதைப் பற்றியோ குறை சொல்லப்படவில்லை. உபவாச நாளிலும் உங்கள் வேலைக்காரர்களை வாட்டி வேலை வாங்குகிறீர்கள், உபவாசம் சண்டையில் முடிகிறது என்பதே குற்றச்சாட்டு. அதன் பிறகு கடவுள் விரும்பும் உபவாசம் எது என்ற பட்டியல் வருகிறது: நுகத்தடியை உடைப்பது, ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பது, பசித்தவனோடு உணவைப் பகிர்வது, வீடற்றவரை வீட்டுக்குள் சேர்ப்பது, துணியில்லாதவருக்குத் துணி கொடுப்பது. மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் இதே தடத்தில்தான் போகிறார். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றும் ஒரே வரிசையில், ஒரே சொல்லமைப்பில் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் ஊருக்குக் காட்டிச் செய்யாதீர்கள் என்கிறார். மூன்றையும் செய்வீர்கள் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறார்.

ஆதித் திருச்சபை இதை எழுத்துக்கு எழுத்து நடைமுறையாக்கியது. புதனும் வெள்ளியும் உபவாச நாட்கள் என்று 'திதாகே' என்ற மிகப் பழைய திருச்சபை நூல் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பன்' என்ற நூல் இன்னும் ஒரு படி மேலே போய்க் கணக்கே போட்டுக் காட்டுகிறது. உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். அன்று வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார். அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு என்பது அதன் அறிவுரை. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டைடஸ் என்ற தத்துவ அறிஞர், கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ரோமப் பேரரசனுக்கு விளக்கி எழுதினார். தங்களில் ஒருவர் வறுமையில் இருந்து, அவருக்குக் கொடுக்கத் தங்களிடமும் மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து அந்த உணவை அவருக்குக் கொடுப்பார்கள் என்பது அதில் அவர் சொல்லும் அடையாளம். ஐந்தாம் நூற்றாண்டில் ரோம் ஆயராக இருந்த முதலாம் லியோ, தம் தவக்கால மறையுரைகளில் உபவாசத்தைத் தர்மத்திலிருந்து பிரிக்கவே விடவில்லை. கிறிஸ்தவ உபவாசம் தன் இளமையில் எப்படி இருந்தது என்பதற்கு இவையே ஆதாரம்.

பிற்காலத்தில் இந்தத் தொடர்பு அறுந்தது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு அதைச் சாப்பிட அனுமதி கிடைத்தது. பிரான்சில் ரூவன் பேராலயத்தின் ஒரு கோபுரம் அப்படி வந்த பணத்தில் எழும்பியது என்பதால் அதற்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர் நிலைத்தது. 1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிச் நகரில் பிரோஷவர் என்ற அச்சக உரிமையாளரின் வீட்டில் சிலர் புகையூட்டிய இறைச்சியைத் தின்று விதியை மீறினார்கள். அங்கிருந்த போதகர் சுவிங்ளி அதைத் தின்னவில்லை. ஆனால் அந்த லெந்து காலத்திலேயே, உணவு விஷயத்தில் கிறிஸ்தவன் சுதந்திரமானவன், விரும்புகிறவன் உபவாசிக்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிரசங்கித்தார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் தொடங்கியது இங்கேதான். இதை முன்வைத்து, கிருபையால் இரட்சிப்பு என்று நம்புகிறவனுக்கு உபவாசம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் சூரிச்சில் உடைந்தது கட்டாயம்தான். இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது என்று சொன்ன லூத்தரே உபவாசத்தை நல்ல வெளிப்பயிற்சி என்று ஏற்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, உபவாசம் பற்றிய தம் பிரசங்கத்தை முடிக்கும்போது ஜெபத்தையும் தர்மத்தையும் அதோடு சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். கட்டாயம் போன இடத்தில் அன்பு வரவேண்டும் என்பதே சீர்திருத்தத்தின் நோக்கம். கட்டாயமும் போய் அன்பும் வராவிட்டால் சுதந்திரத்தால் யாருக்கு லாபம்?

தேவைக்காக உபவாசித்து ஜெபிப்பது வேதத்தில் இல்லையா என்று அடுத்து கேட்பார்கள். இருக்கிறது. தன் இனம் அழிக்கப்படவிருந்த வேளையில் எஸ்தர் மூன்று நாள் உபவாசத்துக்கு அழைப்பு விடுத்தாள். நோயுற்ற குழந்தைக்காகத் தாவீது தரையில் கிடந்து உபவாசித்தான். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. ஊழியக்காரர்கள் அதைச் சொல்லவே பயந்தார்கள். ஆனால் தாவீது எழுந்து, குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டான். கேட்டது கிடைக்காதபோதும் தொழ முடிந்ததே, அதுதான் அந்த உபவாசத்தின் பலன். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று கடவுளுக்குத் தவணை வைப்பது இதற்கு நேர் எதிரானது. இத்தனை நாள் உபவாசித்தால் இன்னது நடக்கும் என்று மேடையில் அறிவிக்கும் ஊழியர், நடக்காதவர் வீட்டில் என்ன விட்டுப்போகிறார் என்று யோசிக்க வேண்டும். நோய் குணமாகாத பெண் தன் விசுவாசம்தான் குறைவு என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு, இன்னும் சில நாள் பட்டினியைக் கூட்டுகிறாள். வேதம் அவள்மீது இந்தப் பாரத்தை வைக்கவில்லை.

பசித்தவனுக்குக் கொடுப்பதுதான் நோக்கம் என்றால் நேராகக் கொடுத்துவிடலாமே, பட்டினி எதற்கு என்பது சமூக அக்கறை உள்ளவர்கள் கேட்கும் கேள்வி. கொடுப்பதற்கு உபவாசம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் மிச்சத்திலிருந்து கொடுப்பது ஒன்று. தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறொன்று. மிச்சத்திலிருந்து கொடுப்பவனுக்குத் தன் வாழ்க்கையில் எதுவும் மாறுவதில்லை. தட்டிலிருந்து கொடுப்பவன், எது தேவை, எது பழக்கம் என்று மதியம் ஒரு மணிக்கு வயிறு கேட்கும்போது பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். கைநடுக்கம், எரிச்சல், வேலையில் கவனமின்மை எல்லாம் ஒருவேளைச் சோறு தவறினாலே வந்துவிடுகின்றன என்பதைத் தன் உடம்பில் அறிகிறான். தினமும் அப்படி இருப்பவனைச் சோம்பேறி, கோபக்காரன் என்று சொல்ல அதன் பிறகு நா எழாது. இயேசு மனிதனாகிப் பசித்தார் என்று நம்பும் மதத்துக்கு, உடம்பின் வழியாகக் கற்கும் இந்தப் பாடம் புறம்பானது ஆகாது. உபவாசம் கடவுளுக்கு நேரானது, அதைச் சமூக சேவையாக்காதீர்கள் என்று அஞ்சுபவர்களுக்கும் இதுவே பதில். ஜெபத்தைக் குறைக்கும்படி யாரும் கேட்கவில்லை. ஜெபம் உண்மையானதா என்பதை ஏசாயா அண்டை வீட்டானிடம் போய் விசாரிக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உபவாசம் அந்தரங்கமாக இருக்க வேண்டும் என்று இயேசு சொன்னாரே, அதைச் சபைத் திட்டமாக்கலாமா என்பது இன்னொரு தயக்கம். தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவிக்கொள் என்றது பிறர் பாராட்டுக்காக முகத்தை வாடவைப்பதைத் தடுக்கத்தான். அந்தியோகியா சபை கூடி உபவாசித்தே பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு அனுப்பியது. நினிவே ஊரே உபவாசித்தது. கூடி உபவாசிக்கலாம், பெயர் போட்டுக் கொடுக்க வேண்டாம். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாத பெட்டி ஒன்று போதும்.

உடல்நலம் பற்றிய கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதும் ஆபத்து. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதியவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டம், உபவாசக் கடமையை 18 வயது நிரம்பியவர்களுக்கு 60ஆம் வயது தொடங்கும்வரை மட்டுமே வைக்கிறது. கட்டாய நாட்கள் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டுதான். அன்றும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு. ஏழை நாட்டில் உபவாசத்தைப் போதிப்பது கொடுமை அல்லவா என்பவர்களுக்கு, திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட ஆவணம் விடை தருகிறது. வசதி மிகுந்த இடத்தில் ஒறுத்தலும் பசித்தவர்மீது அன்பும் கூடுதலாக வேண்டும் என்பது அதன் நிலை. கூலி வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது உபவாசப் போதனை ஆகாது. உபவாசம் இருக்க முடியாதவரும் ஒருவேளைச் சாப்பாட்டின் விலையைப் பெட்டியில் போடலாம்.

இது நடக்கக்கூடியதா என்றால், நடந்துகொண்டிருக்கிறது. 1975இல் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறட்சியைக் கண்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் ஊர் மக்கள் தவக்காலத்தில் எளிய உணவு உண்டு, மிச்சமான காசை அட்டைப் பெட்டியில் போடத் தொடங்கினார்கள். 'ரைஸ் பவுல்' என்ற அந்த முயற்சி பிறகு நாடு தழுவிய தவக்கால இயக்கமானது. நம் நாட்டிலேயே மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அது சபைக்குப் போகிறது. நூறாண்டுக்கும் மேலான வழக்கம் அது. தமிழ்நாட்டில் நடுத்தரமான ஒரு சபையில் 200 பேர் லெந்து காலத்தின் ஏழு வெள்ளிகளில் மதியச் சாப்பாட்டை விட்டு, வேளைக்கு 60 ரூபாய் எடுத்து வைத்தால் 84,000 ரூபாய் சேரும். உபவாச ஜெபம் முடிந்ததும் வழக்கத்தைவிடப் பெரிய விருந்து வைத்தால் இதில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்து பல ஆலயங்களில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும் கஞ்சியும் துவையலும் எல்லா உபவாசத்துக்கும் முன்மாதிரியாகட்டும்.

பணத்தோடு இது முடிந்துவிடாது. ஏசாயாவின் பட்டியலில் சோற்றுக்கு முன்பு நுகத்தடி வருகிறது. கிறிஸ்தவர் நடத்தும் கடையில், தோட்டத்தில், பள்ளியில் சம்பளம் தேதி தவறாமல் கொடுக்கப்படுகிறதா என்பது உபவாசக் கேள்வி. வீட்டில் அம்மா உபவாசம் இருந்துகொண்டே மற்ற எல்லோருக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறாரா என்பதும் உபவாசக் கேள்வி. ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர்களுக்குச் சாதிவாரியாகக் கல்லறை இடம் பிரிந்து கிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. நாற்பது நாள் கறி தின்னாமல் இருந்துவிட்டு அந்தச் சுவரை அப்படியே விட்டுவைத்தால், தீர்க்கதரிசி அன்று கேட்ட கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது. சாப்பாட்டை விடுவதைவிடச் சாதியை விடுவது கடினம். அதனால்தான் அது இன்னும் பெரிய உபவாசம்.

போதகர்களும் பங்குத்தந்தையரும் உபவாசக் கூட்டத்தை அறிவிக்கும்போதே, மிச்சமாகும் உணவு எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்குப் போகும் என்பதையும் சேர்த்து அறிவிக்கட்டும். விசுவாசிகள் தங்கள் ஜெபக் குறிப்பை எழுதும் தாளிலேயே தாங்கள் கொடுக்க வேண்டிய கூலி, கடன், மன்னிப்பு ஆகியவற்றையும் எழுதட்டும். வரும் வெள்ளிக்கிழமை ஒருவேளை விடப் போகிறவர்கள் அந்த வேளையின் விலையை அன்றே எடுத்து வையுங்கள். அது தேவைப்படும் ஒருவரின் கைக்குச் சேர்ந்த பிறகே உங்கள் உபவாசத்தை முடியுங்கள்.